15,000 ரூபாய் கேம்ஷாஃப்டும் அதன் பரிவாரமும்

மக்களே, இந்தத் தடவை கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது படிச்சிருங்க.

"இவன் பி.காம் தானே, இவனுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?"னு கிளாஸ்ல இருக்கிற சில நல்ல உள்ளங்கள் கேக்கும். சம்பந்தம் என் பெரியம்மா மகன் மூலமா வந்துச்சு. அண்ணன்கிட்ட 2003 மாடல் மாருதி எஸ்டீம் ஒண்ணு இருக்கு. பெரியப்பா வாங்கினது. பெரியப்பா இப்போ இல்லை, கார் இருக்கு. அண்ணன் ஓசூர்ல வேலை பாத்து ஒன்றரை லட்ச ரூபாய் ஒதுக்கி வச்சிட்டு ஒருநாள் போன் பண்ணினான். "ஏலே, நீதான பி.காம் படிக்க. இந்த வண்டிக்கு கேம் மாத்தணும். கோயம்புத்தூர் டிராக்ல ஒரு தடவையாவது ஓட்டணும்லே. என்னென்ன சாமான் வேணும், எவ்வளவு ஆவும்னு ஒரு கணக்குப் போட்டுக் குடு."

கணக்குப் போட உக்காந்தவன்தான். ரெண்டு மாசம் ஆச்சு. செமஸ்டருக்குக்கூட இவ்வளவு படிக்கல.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீத்துருவோம். எஸ்டீம் எப்படிய்யா ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்? கல்யாண வீட்டுக்குப் போற டப்பா காராச்சே? வெளிய இருந்து பாத்தா அப்படித்தான். ஆனா எடை 900 கிலோவுக்கும் கம்மி. 1999க்கு அப்புறம் வந்த மாடல்ல 1,298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். நம்ம நாட்டு ரேலியிலயும் ரேஸ் டிராக்கிலயும் வருஷக்கணக்கா ஓடின வண்டி இது. மாருதியோட இதே 1.3 எஞ்சின் குடும்பம்தான் 2005ல வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல்லயும் இருந்துச்சு, அந்த எஞ்சினைத் தூக்கி ஃபார்முலா எல்ஜிபி பந்தயக் கார்லயும் வச்சாங்க. அதாவது அத்தை மாமாவைக் கூட்டிட்டுப் போன எஞ்சினோட தம்பிதான் ஒற்றை சீட்டு ரேஸ் கார்ல உறுமிக்கிட்டு இருந்திருக்கான்.

தமிழ்நாட்டுல இது புதுக் கதையும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சது 1953ல. சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துலதான் பந்தயம். 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துச்சு. நடுவுல கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவர்தன், மாருதி 800ஓட 796 சிசி மூணு சிலிண்டர் எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதின்னு ஒரு ரேஸ் கார் செஞ்சாரு. இருக்கிற எஞ்சினை வச்சு, எல்லாருக்கும் கட்டுப்படியாகிற விலையில ரேஸ்! நரேன் கார்த்திகேயன் 1993ல அதுல ஓட்டினவருதான், 2005ல ஃபார்முலா ஒன் போனாரு. கரிவர்தன் 1995ல விமான விபத்துல இறந்துட்டாரு. அண்ணன் ஓட்டணும்னு ஆசைப்படுற செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். கேம்ஷாஃப்ட்னா என்ன?

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இதைச் சொல்றது சுலபம். பெரியம்மா வீடு வீரவநல்லூர். தாமிரபரணில இருந்து கன்னடியன் கால்வாய்ல வர்ற தண்ணிதான் அந்தப் பக்கத்து வயலுக்கெல்லாம். மடையை எப்போ திறக்கணும், எவ்வளவு உயரம் திறக்கணும், எப்போ அடைக்கணும்... விளைச்சல் இந்த மூணுலதான் இருக்கு. எஞ்சின்ல வால்வுதான் மடை. காத்தும் பெட்ரோலும்தான் தண்ணி. மடையைத் திறந்து மூடுற ஆள்தான் கேம்ஷாஃப்ட். ஒரு கம்பி, அதுல முட்டை வடிவத்துல மேடுகள். மேடு சுத்தி வரும்போது ராக்கர் ஆர்மைத் தள்ளும், அது வால்வை அமுக்கித் திறக்கும். அவ்வளவுதான். ஆனா வேகத்தைப் பாருங்க. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. 6,000 ஆர்.பி.எம்.ல ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுது! கிராங்க் கணக்குல 240 டிகிரி திறந்திருக்குன்னு வச்சுக்கிட்டா, ஒரு தடவைக்குக் கிடைக்கிற நேரம் 6.7 மில்லி செகண்ட். 7,000க்குப் போனா 5.7தான். அந்த நேரத்துக்குள்ள சிலிண்டர் நிறைய மூச்சு இழுத்தாகணும்.

அதனால சூடான கேம் என்ன பண்ணுதுன்னா, வால்வை இன்னும் உயரமாத் திறக்கும், சீக்கிரமே திறந்து தாமதமா மூடும். பிஸ்டன் மேல வர ஆரம்பிச்ச பிறகும் இன்டேக் வால்வு திறந்தே கிடக்கும். வேகமா வர்ற வாய்க்கால் தண்ணி மேட்டுலகூட கொஞ்ச தூரம் ஏறும்ல, அதே மாதிரி அதிக ஆர்.பி.எம்.ல காத்து வர்ற வேகத்துலயே உள்ள திணிஞ்சுரும். ஆனா 2,000 ஆர்.பி.எம்.ல காத்துக்கு அந்த வேகம் கிடையாது. பிஸ்டன் மேல வந்து, உள்ள வந்த காத்தையே திருப்பி வெளிய தள்ளிரும். மேல கூடும், கீழ குறையும். இதுக்கு விதிவிலக்கு சொல்ற விளம்பரத்தை நம்பாதீங்க.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பவர்ங்கிறது டார்க்கையும் வேகத்தையும் பெருக்கினா வர்றது. 6,000ல 100 நியூட்டன் மீட்டர் டார்க் இருந்தா சுமாரா 85 குதிரை. அதே 100ஐ 7,000 வரைக்கும் இறங்க விடாமப் பிடிச்சு வச்சா சுமாரா 100 குதிரை. கவனிச்சீங்களா, டார்க் ஒரு துளிகூட கூடல. கூடுதலா இழுக்கல, கூடுதல் நேரம் இழுக்குது. கேம் மாத்துறதோட லாபம் பெரும்பாலும் இந்த 1,000 ஆர்.பி.எம்.லதான் இருக்கு. அண்ணன் இதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்போ பிக்கப் கூடாதா?"ன்னு மட்டும் கேட்டான்.

அந்த 1,000 ஆர்.பி.எம்.முக்குத்தான் பரிவாரமே. முதல் ஆள் வால்வு ஸ்பிரிங். வேகம் ஆறில் ஒரு பங்கு கூடினா, வால்வை ஆட்டுறதுக்கான விசை வர்க்கத்துல கூடும், அதாவது 36 சதவீதம். பழைய ஸ்பிரிங் தாங்காது. கேம் முன்னால போயிரும், வால்வு பின்னால மிதந்துக்கிட்டு வரும், பிஸ்டன் நடுவுல வந்து "வணக்கம்"னு சொல்லும். அதோட அந்த எஞ்சின் முடிஞ்சுது. ஸ்பிரிங் மாத்தினா அதைப் பிடிக்கிற ரிடெய்னரையும் பாக்கணும். அதிக லிஃப்ட்ல ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம இடைவெளி இருக்கான்னு அளக்கணும். பிஸ்டன் தலைக்கும் வால்வுக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்க, பிஸ்டன் மேல களிமண் மாதிரி ஒரு பசையை அப்பி, கையால எஞ்சினைச் சுத்தி, அப்புறம் ஹெட்டைக் கழட்டி அந்தப் பசையோட தடிமனை அளப்பாங்க. எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிச்சுது. கம்ப்யூட்டர் காலத்துலயும் களிமண்தான்!

ரெண்டாவது, கேம் எங்க இருந்து வருது? வெளிநாட்டுல இருந்து புது பில்லட் கேம் வரவழைக்கலாம். இல்லைன்னா இருக்கிற கேமையே தீட்டலாம். மேட்டை வளக்க முடியாது, அதனால அடிவட்டத்தைத் தேய்ச்சுக் குறைப்பாங்க. மேடு தானா உயர்ந்து தெரியும். மலையை உயர்த்த முடியலன்னா ஊரைத் தோண்டுற கதை. விலை கம்மி. ஆனா வார்ப்பிரும்பு கேம்ல மேல்தோல் மட்டும்தான் கெட்டி, அதைத் தாண்டித் தேய்ச்சுட்டா சில ஆயிரம் கிலோமீட்டர்லயே மேடு கரைஞ்சிரும். பழைய ராக்கர் ஆர்மோட தேஞ்ச முகத்தை அப்படியே புதுக் கேமோட சேத்துப் போடவும் கூடாது. பேட்டைப் பக்கம் லேத் வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட கேட்டேன். "தம்பி, தீட்டித் தந்துருவேன். ஆனா எத்தனை டிகிரிக்குத் தீட்டணும்னு நீங்கதான் சொல்லணும். அதைச் சொல்ல ஆள் இருந்தா வாங்க"ன்னாரு. எனக்குப் பதில் சொன்ன ஆளுகள்லயே நேர்மையான ஆள் இவருதான்.

மூணாவது, கம்ப்ரெஷன். கீழ குறையுற டார்க்கைக் கொஞ்சம் திரும்பப் பிடிக்க ஹெட்டோட அடிப்பக்கத்தை லேசாச் சீவுவாங்க. சீவினா ஹெட் கீழ இறங்கும், கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் குறையும், டைமிங் பெல்ட் வழியா கேம் கொஞ்சம் பிந்திரும். அதைச் சரிபண்ண நகர்த்தி வைக்கிற மாதிரி ஒரு கேம் புல்லி. பாத்தீங்களா, ஒரு சாமான் இன்னொரு சாமானைக் கூட்டிட்டு வருது. வளைகாப்புக்குக் கூப்பிட்டா பக்கத்து வீட்டு ஆளையும் கூட்டிட்டு வர்ற மாதிரி.

எக்சாஸ்ட் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்லை. நாலு ரெண்டாகி, ரெண்டு ஒண்ணாகிற பைப் போதும். சத்தத்துக்காக மாத்துறவங்க தனி ஜாதி, அவங்களோட எனக்குப் பேச்சு கிடையாது.

ஆனா யாருமே முதல்ல சொல்லாத ஒண்ணு இருக்கு. பிரேக்! பிரேக் பூஸ்டர் வேலை செய்யறது இன்டேக் மேனிஃபோல்டுல இருக்கிற வாக்குவத்தால. பெரிய கேம் போட்டா ரெண்டு வால்வும் சேந்து திறந்திருக்கிற நேரம் கூடும், ஐடிலிங்ல அந்த வாக்குவம் விழும். விழுந்தா பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கும். வேகத்தைக் கூட்டப் போய் நிக்கிற பலத்தைக் குறைச்சுக்கிறது. நான் இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே அண்ணனுக்கு போன் பண்ணினேன். நான் போட்ட லிஸ்ட்ல கேமுக்கும் மேல முதல் வரியா பிரேக்தான் இருக்கு. அவன் சிரிச்சான். இருக்கட்டும்.

அதே வாக்குவத்தைப் பாத்துத்தான் இந்த மாதிரி எஞ்சின்ல கம்ப்யூட்டரும் எவ்வளவு பெட்ரோல் விடணும்னு முடிவு பண்ணுது. புதுக் கேமோட மூச்சு அதுக்குப் புரியாது. அதோட 2025லேர்ந்து பங்க்ல கிடைக்கிறதே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும்னா, இதுக்கு 13.5 கிட்டத்தான். அதாவது அதே காத்துக்குக் கூடுதல் பெட்ரோல் விடணும். எத்தனால் ஆக்டேனைக் கூட்டுறதால கம்ப்ரெஷன் ஏத்தினவங்களுக்கு இது நல்லது, 2003ல போட்ட ரப்பர் ஓஸுக்குக் கெட்டது. ஓஸ் எல்லாம் மாத்தணும். கம்ப்யூட்டருக்குப் பதிலா தனியா ட்யூன் பண்ற ஒண்ணு வாங்கி, டைனோல ஏத்தி, ஆள் வச்சு ட்யூன் பண்ணணும். செலவுல பெருசு இதுதான்.

சரி, காஸ்ட் ஷீட். எங்களுக்குக் கிடைச்ச விலைகளை வச்சு: கேம் 15,000. ஸ்பிரிங், ரிடெய்னர் 18,000. ஹெட் வேலை 25,000. எக்சாஸ்ட் 20,000. கம்ப்யூட்டர் 60,000. டைனோ, ட்யூனிங் 15,000. கிளட்ச் 12,000. டைமிங் பெல்ட், கேஸ்கெட், ஓஸ், கூலி எல்லாம் சேத்து 20,000. மொத்தம் 1,85,000. இதுல கேமோட பங்கு 8 சதவீதம்! கூடுற 15 குதிரைக்கு வகுத்தா ஒரு குதிரை 12,300 ரூபாய் சொச்சம். அந்த 15ம் வரும்னு யாரும் எழுதித் தரல. பிரேக் இதுல சேரவே இல்லை. அண்ணன் ஒதுக்கி வச்சது ஒன்றரை லட்சம்.

"சின்ன கேம் போதுமே"ன்னு நீங்க கேக்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். கேட்லாக்ல ரோடு, ரேலி, ரேஸ்னு மூணு விதமாப் போட்டிருப்பாங்க. (டிகிரியை ஒப்பிடும்போது ரெண்டு கம்பெனியும் ஒரே லிஃப்ட்ல அளந்திருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அது ஆப்பிளும் ஆரஞ்சும்கூட இல்லை, ஆப்பிளும் ஆட்டுக்கல்லும்.) எது வேணும்ங்கிறது கார் ஓடுற ரோட்டைப் பொறுத்தது. வீரவநல்லூர்ல இருந்து சேரன்மகாதேவி, பத்தமடை வழியா திருநெல்வேலி வர்ற ரோட்டை யோசிங்க. பஸ், டிராக்டர், வைக்கோல் லாரி, ரோட்டை ஆற அமரக் கடக்கிற எருமை. எஞ்சின் முக்காவாசி நேரம் 2,000க்கும் 3,000க்கும் நடுவுலதான். ரேலி கேம் போட்டா அந்த இடத்துலதான் வண்டி செத்த மாதிரி இருக்கும். நாகர்கோவில் நாலு வழிச்சாலையிலயாவது பறக்கலாம்னா, ஆனி ஆடியில பணகுடி தாண்டினதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து எதிர்ல வந்து நெஞ்சுல கை வைக்கும். அங்கயும் வேண்டியது டாப் கியர்ல இழுக்கிற டார்க்தான், 7,000 ஆர்.பி.எம். இல்லை. ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள கோயம்புத்தூர் டிராக்ல மட்டும் கதை தலைகீழ். அங்க 4,000க்குக் கீழ ஊசி இறங்குறதே கேவலம்.

ஆக, வண்டி எங்க ஓடப்போகுதுங்கிறதை முடிவு பண்ணாம கேம் வாங்க முடியாது. அண்ணனுக்கு ரெண்டும் வேணும். நான் ஒத்துக்கல. அதுக்குக் காரணம் எஞ்சின் மட்டும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு. உற்பத்தியாளர் குடுத்த அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிருச்சு. "எஞ்சினுக்குள்ள இருக்கிற கம்பியை எவன்லே பாப்பான்?"னான் அண்ணன். போலீஸ் பாக்க மாட்டாங்க. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் பாப்பாரு. எங்க சிலபஸ்லயே இருக்கு, இன்சூரன்ஸ் ஒப்பந்தத்துக்கு அடிப்படை உச்ச நம்பிக்கைன்னு. முக்கியமான விஷயத்தை மறைச்சா கம்பெனி கையை விரிக்கலாம். 1766ல கார்ட்டர் எதிர் போம் வழக்குல மான்ஸ்ஃபீல்டு பிரபு சொன்னது இன்னும் பரீட்சையில வருது. (அந்த வழக்குல ஜெயிச்சது என்னவோ இன்சூர் பண்ணின ஆள்தான். அதை எங்க வாத்தியார் சொல்லல, நானாப் படிச்சேன்.)

அந்தக் கார்ல போறது அண்ணன் இல்லை. அவன் ஓசூர்ல இருக்கான். போறது பெரியம்மா. மாசம் ரெண்டு தடவை பாளையங்கோட்டைக்குக் கண் ஆஸ்பத்திரி, ஆடி அமாவாசைக்கு பாபநாசம். ஓட்டுறது பெரும்பாலும் நான். பெடல் கல்லா இருக்கிற, இன்சூரன்ஸ் கேள்விக்குறியா இருக்கிற கார்ல பெரியம்மாவை உக்கார வச்சு நான் ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். "அப்பா கார்லே அது"ன்னான் அண்ணன். அதுக்குத்தாண்ணே சொல்றேன்னேன். ஒரு வாரம் பேச்சு இல்லை.

அப்புறம் கணக்குலயே ஒரு வழி கிடைச்சுது. வண்டி 2003. ஆர்.சி. முதல்ல 15 வருஷம், 2018 வரைக்கும். அப்புறம் அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிச்சு இப்போ 2028 வரைக்கும் இருக்கு. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. அதனால 2028ல ஆர்.சி. முடியறப்போ பெரியம்மாவுக்கு வேற சின்னக் கார் பாக்கலாம், எஸ்டீமை டிராக்குக்குன்னே ஒதுக்கி லாரியில ஏத்திக் கொண்டு போகலாம். அதுவரைக்கும் இப்போ இருக்கிற எஞ்சின்ல கை வைக்கிறதில்லை. பதிலா இன்னொரு எஸ்டீம் ஹெட்டைப் பழசா வாங்கி, வால்வு, ஸ்பிரிங், கேம் எல்லாத்தையும் அதுலயே நிதானமாக் கட்டிக்கிட்டு வரலாம். 1,85,000ஐ ஒரே மாசத்துல போடாம 2028 வரைக்கும் பரப்பிப் போட்டா வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. அப்போ ரோட்டைப் பத்திக் கவலை இல்லாததால ரேலி கேமே போடலாம். பிரேக்கும் ஓஸும் மட்டும் இப்பவே, கம்பெனி சாமானாவே மாத்துறது. அது பெரியம்மாவுக்கும் நல்லது.

அண்ணன் ரெண்டு நாள் யோசிச்சு, "சரிலே"ன்னான். கூடவே, "2028ல நீயும் வரணும், கணக்கெழுத"ன்னான்.

சென்னை புதுப்பேட்டையில இருந்து ஹெட் போன வியாழக்கிழமை பார்சல்ல வந்துச்சு. சாக்குல சுத்தி, சணல் கட்டி. பெரியம்மா பாத்துட்டு, "என்னலே இது, பழைய தையல் மிஷினா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். திங்கக்கிழமை பேட்டை அண்ணாச்சி அதைத் தண்ணியில முக்கி, காத்து ஏத்தி, விரிசல் இருக்கான்னு பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. பாஸ் ஆனா அடுத்தது ஸ்பிரிங். ஆகலைன்னா புதுப்பேட்டைக்கு மறுபடியும் ஒரு போன்.